மலைகளின் வேரும் காந்த ஊசியும்

மலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் உறுதி, நிலைபேறு, அசையாமை என்னும் பண்புகளே நம் நினைவுக்கு வருகின்றன. மனவுறுதி படைத்தவனை மலைபோல் நின்றான் என்கிறோம். வீட்டுக்கு அத்திவாரம் உண்டு. கோபுரத்துக்கு அடித்தளம் உண்டு. ஆயின் மலை எதன்மேல் நிற்கின்றது? கற்றவர் பலரும் நெடுங்காலம் கேளாது விட்ட கேள்வி இது. கேட்கத் தொடங்கியபின் அதற்கு விடை காண இருநூறு ஆண்டுகளாக மனிதன் பட்ட பாட்டைச் சுருங்கக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நேயர்கள் வினவலாம். மனிதன் நிலத்தில் இட்ட துளைகளுள் மிக ஆழமானவற்றுள் ஒன்று, இரசியாவின் கோலா தீபகற்பத்தில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து 1989இல் அது 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. அதற்குக் கீழே வெப்பம் மிகுந்து பாறை இளகியமையால் மேற்செல்ல இயலவில்லை. நாம் நடமாடும் திடமான மேலோட்டைப் புவியோடு என்பர். திபெத்து மேட்டுநிலத்தில் அந்த ஓட்டின் தடிப்பு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். ஆகவே எத்தனை வலிய துளைக்கருவியும் மலையின் அடியைத் தொடப் போவதில்லை. உடலை அறுக்காமலே நாடியைப் பிடித்து நோயை அறியும் வைத்தியனைப் போல, நிலத்தின் மேலிருந்துகொண்டே அதன் உள்ளத்தை அறியும் வழிகளைத் தேட வேண்டியதாயிற்று.

அவ்வழி தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கியது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1802ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அக்கோட்டின்மேல் முக்கோணத்துக்குமேல் முக்கோணமாக அடுக்கிக் குமரிமுனை முதல் இமயம் வரை பாரத நாட்டை அளந்த பெருநில அளவை அங்கிருந்தே வளர்ந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்றவர், இன்று உலகின் உயர்ந்த சிகரத்துக்குப் பெயராய் நிலைத்துவிட்ட ஜோர்ஜ் எவரெஸ்ட்.

எவரெஸ்ட் காலத்து அளவையில் ஒரு சிக்கல் தோன்றியது. மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூர், தில்லிக்கு வடக்கேயுள்ள கலியானா என்னும் இரண்டு நிலையங்களுக்கு இடையேயுள்ள அகலக்கோட்டு வேறுபாட்டை இரு வகையாகக் கணித்தனர். முக்கோண அளவையால் ஒரு விடை கிடைத்தது. விண்மீன்களை நோக்கி அளந்தபோது மற்றொரு விடை கிடைத்தது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஐந்து விகலையைச் சற்றே கடந்தது. நிலத்தின்மேல் அது ஏறத்தாழ 160 மீற்றர் தூரம். அறுநூறு கிலோமீற்றர் அளந்த இடத்தில் இது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். வணிகன் கணக்கில் ஒரு சதம் குறைந்தால் அது சதத்தின் குற்றமன்று, கணக்கின் குற்றம் என்பதை அவ்வளவையாளர் அறிந்திருந்தனர்.

எவரெஸ்ட் அதனை அளவையில் நேர்ந்த பிழையெனக் கருதினார். கல்கத்தாவில் கிறித்தவ சபையின் உயர் பதவி வகித்தவரும் கணிதத்தில் வல்லவருமான ஜோன் ஹென்றி பிராட் வேறுவிதமாகச் சிந்தித்தார். விண்மீனை நோக்கி அளப்பதற்குச் செங்குத்து எது என்று தெரிய வேண்டும். அதனைக் காட்டுவது தூக்குநூற் குண்டு. கொத்தனார் சுவரெழுப்பப் பயன்படுத்தும் அதே தூக்குக்குண்டுதான். வடக்கே நிற்கும் இமயம் தன் பெருநிறையால் அக்குண்டைத் தன் பக்கம் இழுக்குமன்றோ? அவ்விழுப்பே பிழைக்குக் காரணம் என்று கொண்டு, இமயத்தின் நிறையை மதித்துக் கணக்கிட்டார். வந்த விடை அவரையே திகைக்க வைத்தது. இமயம் இழுக்கவேண்டிய அளவு பதினைந்து விகலைக்கும் மேல். உண்மையில் இழுத்ததோ ஐந்து விகலை. வானளாவ நின்ற மலை, எதிர்பார்த்த வலிமையில் மூன்றிலொரு பங்கையே காட்டியது!

1855ஆம் ஆண்டு இக்கணக்கு இலண்டனில் அறிஞர் அவையில் வெளியாயிற்று. அதே ஆண்டில் அரச வானியலாளரான ஜோர்ஜ் எயரி அதற்கொரு விளக்கம் தந்தார். புவியோடு, அடியிலுள்ள அடர்த்தி மிகுந்த பொருளின்மேல் மிதக்கின்றது. தண்ணீரில் மிதக்கும் மரத்தெப்பத்தைப் போன்றது அது. தெப்பத்தில் ஒரு மரம் மற்றவற்றினும் உயர்ந்து தோன்றுமானால், அதன் அடிப்பாகம் மற்றவற்றினும் ஆழ அமிழ்ந்திருக்கின்றதென்று துணியலாம் என்றார் அவர். திருகோணமலைக் கடற்கரையில் கட்டுமரம் கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. உயர்ந்த மலைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. அவ்வேர் இலேசான பாறையாலானது. அது அடர்ந்த பொருளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாலேயே மலையின் இழுப்புக் குறைந்தது. மலையின் பொருளே அடர்த்தி குறைந்தது என்பது பிராட் பின்னர்த் தந்த விளக்கம். இரு கருத்துக்களிலும் உண்மை உண்டெனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

இதனை நேரில் சோதிக்கப் புறப்பட்டவர் ஜேம்ஸ் பசேவி என்னும் அளவையாளர். ஊசலொன்றை ஆடவிட்டு அதன் ஆட்டங்களை எண்ணினால் அவ்விடத்துப் புவியீர்ப்பின் வலிமை தெரியும். 1865 முதல் இந்தியாவின் பல பாகங்களிலும் அவர் ஊசலை ஆட்டி எண்ணினார். 1871இல் இலடாக்கு நாட்டில், பதினையாயிரம் அடிக்கு மேற்பட்ட மோரே என்னும் மேட்டுநிலத்தில் அளந்தார். அங்கே ஈர்ப்பு மிகவும் குறைந்திருந்தது. மலைக்கு அடியில் இலேசான வேர் உண்டென்பதற்கு அது வலிய சான்றாயிற்று. அவ்வாண்டு ஆடி மாதத்திலேயே, அந்தக் குளிரிலும் மெலிந்த காற்றிலும் உடல் நலிந்து, வேலைக்களத்திலேயே அவர் உயிர் நீத்தார். பாடநூலில் ஒரு வரியாக நாம் படித்துச் செல்லும் உண்மைக்குப் பின்னால் ஒரு மனிதனின் உயிரே விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பதை மாணவர் அறிதல் நன்று.

ஈர்ப்பை அளந்து மலையின் நிறையை அறிந்தாயிற்று. ஆனால் நிறை மட்டும் தெரிந்தால் போதுமா? மூடிய பானையைத் தூக்கிப் பார்த்து அதன் கனத்தைச் சொல்லலாம். உள்ளே இருப்பது அரிசியா, மணலா என்று சொல்ல இயலாது. அடியிலுள்ள பாறை உலர்ந்ததா, நீர் ஊறியதா, உருகும் நிலையிலுள்ளதா என்று அறிய வேறொரு வழி வேண்டும். அவ்வழியைக் காட்டியது காந்த ஊசி.

காந்த ஊசி எப்பொழுதும் ஒரே திசையைக் காட்டி அசையாது நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம். நுண்ணிய கருவிகொண்டு நோக்கினால் அது நாள்தோறும் சிறிது கிழக்கும் மேற்குமாக அசைந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அசைவைக் குறிப்பதற்கென உலகெங்கும் காந்த நோக்குநிலையங்கள் எழுந்தன. நம் அண்டையிலே சென்னை, திருவனந்தபுரம், பம்பாய் ஆகிய நகரங்களில் அத்தகைய நிலையங்கள் இருந்தன. திருவனந்தபுரத்து நிலையத்துக்கு 1852இல் தலைவராக வந்த ஜோன் அலன் புரூண், 1855இல் அகத்தியமலையின் உச்சியில் ஒரு கிளைநிலையத்தை நிறுவினார். தமிழ் முனிவர் உறைந்ததாக நாம் போற்றும் பொதிகையே அது. யானையும் அட்டையும் நிறைந்த காட்டைக் கடந்து, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்வுச்சியில், காற்றும் மழையும் மோத, உள்நாட்டு உதவியாளர்கள் கருவிகளின் எண்களைக் குறித்துவந்தனர். கடற்கரையில் காணும் அசைவு மலையுச்சியில் வேறுபடுமோ என்று அறிவதே அவர் நோக்கம். மலையின் அடிப்பாறையைப் பற்றி அவர் எண்ணியிருக்கவில்லை. ஆயினும் மலைமேல் ஏறிக் காந்தத்தை அளத்தல் என்னும் செயல் தமிழ் வழங்கும் மண்ணில் அத்துணை முன்னரே நிகழ்ந்துவிட்டது.

இவ்வாறு திரண்ட எண்களுக்கு 1889ஆம் ஆண்டு ஒரு பயன் கிடைத்தது. ஆர்தர் சூஸ்டர் என்னும் பௌதிக அறிஞர் பம்பாய், இலிஸ்பன், கிரீனிச், சென் பீற்றர்ஸ்பேர்க் ஆகிய நான்கு நகரங்களின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார். ஊசியை அசைக்கும் காரணத்தின் பெரும்பகுதி வானில் உள்ளது. சிறுபகுதி நிலத்துக்குள்ளே உள்ளது என்று கண்டார். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் சூரிய ஒளியால் மின்னோட்டம் பாய்கின்றது. அது நேரத்துக்கு நேரம் மாறுவதால், மின்தூண்டல் விதிப்படி நிலத்துக்குள்ளும் ஓர் எதிரோட்டத்தை எழுப்புகின்றது. வானம் குரல் கொடுக்கிறது, நிலம் எதிரொலி தருகிறது எனலாம். எதிரொலியைக் கேட்டுக் குகையின் தன்மையை அறிவதுபோல, அவ்வெதிரோட்டத்தை அளந்து நிலத்தின் தன்மையை அறியலாமன்றோ?

அவ்வறிவு முழுமையான ஓர் அளவைமுறையாக உருவெடுக்க மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1950இல் சோவியத்து நாட்டில் திகோனவ் என்பவரும், 1953இல் பிரான்சில் கஞார் என்பவரும் தனித்தனியே அதன் கணிதத்தை வகுத்தனர். நிலத்தில் சில பத்து மீற்றர் இடைவெளியில் மின்வாய்களைப் புதைத்து மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். உப்புக் கரைசல் நிறைத்த நுண்துளைக் கலயங்களே அம்மின்வாய்கள். அருகே கம்பிச்சுருள்களைப் புதைத்துக் காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் அடியிலுள்ள பாறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றதென்பது வெளிப்படும். இதில் ஓர் அழகு உண்டு. விரைந்து மாறும் அலை மேற்புறத்திலேயே தேய்ந்துவிடும். மெல்ல மாறும் அலை ஆழ்ந்து செல்லும். நூறு ஓம் மீற்றர் தடையுள்ள பாறையில், ஒரு செக்கனுக்கு ஒருமுறை மாறும் அலை ஏறத்தாழ 5 கிலோமீற்றர் புகும். நூறு செக்கனுக்கு ஒருமுறை மாறுவது ஏறத்தாழ 50 கிலோமீற்றர் புகும். ஆகவே பல நாள் பொறுமையாகக் கேட்டிருப்பவனுக்கே ஆழம் தன் செய்தியைச் சொல்லும்.

இம்முறை இமயத்துக்கு வந்த கதையை இனிக் காண்போம். 1979இல் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தாரும் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வடமேற்கு இந்தியாவில் பல காந்தமானிகளை ஒரே வேளையில் பரப்பி வைத்தனர். மலைத்தொடர் செல்லும் திசையிலேயே அடியிலுள்ள அமைப்பும் செல்லும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கிடைத்ததோ அதற்கு மாறானது. கங்கைச் சமவெளியின் அடியில், நன்கு மின்கடத்தும் பட்டையொன்று இமயத்துக்கு ஏறத்தாழக் குறுக்காக ஓடி மலைக்குள் புகுவதாகத் தெரிந்தது. அது பழைய ஆரவல்லி மலைகளின் போக்கை ஒட்டியிருந்தது. தெற்கேயிருந்து வந்து முட்டிய பாரத நிலம், தன் பழைய தழும்புகளோடேயே இமயத்தின் கீழ்ப் புகுந்திருக்கின்றது என்ற எண்ணத்துக்கு அது இடந்தந்தது.

1990களில் சீன, அமெரிக்க, கனேடிய ஆய்வாளர்கள் முதலியோர் திபெத்தின் தென்பகுதியில் இம்முறையைக் கையாண்டனர். 1996இலும் 2001இலும் வெளிவந்த முடிவுகள் வியப்பூட்டின. புவியோட்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து, மின்சாரத்தை எளிதில் கடத்தும் படை பரவிக் கிடக்கின்றது. உலர்ந்த திடப்பாறை அவ்வாறு கடத்தாது. அங்கே உருகிய பாறையோ உப்புநீரோ இருத்தல் வேண்டும். உலகின் கூரையெனப்படும் திபெத்து, நடுவே இளகிய ஓட்டின்மேல் அமைந்துள்ளது என்பதாயிற்று. நாம் அசையாமைக்கு உவமையாகக் கூறிய மலையின் உள்ளம் அவ்வளவு இளகியது!

நேபாளத்தில் கண்டது மக்கள் உயிரோடு தொடர்புடையது. 1999இல் வெளியான ஆய்வொன்று, மத்திய நேபாளத்தில் உயர்ந்த இமயத்தின் முன்புறத்துக்கு அடியில், ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஆழத்தில் மின்கடத்தும் பகுதி ஒன்றைக் காட்டியது. சிறு நில அதிர்வுகள் இடைவிடாது நிகழும் இடமும் அதுவே. பாறைகள் நசுங்கும்போது வெளிப்படும் நீர் அங்கே தேங்கியிருக்கலாம் எனக் கருதினர். பதினாறு ஆண்டுகளின்பின் 2015 ஏப்பிரல் 25ஆம் நாள் அந்நாட்டைத் தாக்கிய பெரும்பூகம்பத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். பூகம்பம் எந்நாள் வரும் என்று காந்த ஊசி சொல்லாது. அவ்வாறு சொல்வதாக யாரேனும் கூறினால் நம்பவேண்டா. ஆனால் எவ்விடத்தில் பாறை பூட்டிக் கிடக்கின்றது, எவ்விடத்தில் வழுக்குகின்றது என்று அறிந்துகொள்ள அது உதவுகின்றது. பள்ளியையும் மருத்துவமனையையும் எவ்வாறு கட்டவேண்டும் என்பதற்கு அவ்வறிவு பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மின்கடத்தும் படை ஒன்றைக் கண்டவுடன் அது உருகிய பாறை என்று முடிவுகட்ட இயலாது. நீராகவும் இருக்கலாம், காரீயமாகவும் இருக்கலாம். பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கரிய பொருள் மின்சாரத்தை நன்கு கடத்தும். பாறையின் விளிம்புகளில் மெல்லிய படலமாக அது படிந்திருந்தாலே போதும். இதனை இலங்கையர் எளிதில் உணர்வர். போகலை, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து உலகப்புகழ் பெற்ற காரீயம் நம் நாட்டில் அகழப்படுகின்றது. ஒருகாலத்தில் புவியோட்டின் ஆழத்தில் உருவான பாறைகளே இன்று நம் மலைநாட்டில் மேலே வந்து கிடக்கின்றன. ஆதலால் இமயத்தின் அடியில் இன்று என்ன இருக்கக்கூடும் என அறிய விரும்புவோர், தேய்ந்து திறந்துகிடக்கும் நம் பழைய மலைகளையும் பார்த்தல் வேண்டும். உயிருள்ள மலையின் கேள்விக்கு முதிய மலை விடைகூறும் வாய்ப்பு உண்டு.

நம் தீவின் பாறைகளைப் பற்றிய முறையான ஆராய்ச்சி நூற்றாண்டைக் கடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் தலைவராக இருந்தவர், பின்னர்க் கலை விமரிசகராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. 1938 முதல் 1944 வரை அரசாங்கக் கனிப்பொருளியலாளராகப் பணியாற்றியவர், இமயத்து ஆராய்ச்சியில் பெயர்பெற்ற டி. என். வாடியா. இலங்கையின் ஈர்ப்புப் படம் 1975இல் வெளியாயிற்று. பெரும்பாலும் பழமையான உருமாறிய பாறைகளாலான நம் தீவை அறிஞர்கள் வன்னி, உயர்நிலம், விஜயன் எனப் பெரும் பிரிவுகளாக வகுத்துள்ளனர். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு இலங்கையும் ஒரே பெருநிலமாக ஒன்றிய காலத்தில், இப்பிரிவுகள் மோதி இணைந்தன. அம்மோதலில் எழுந்த மலைகள் இமயத்தை ஒத்தவையாய் இருந்திருக்கலாம். இன்று எஞ்சியிருப்பது அவற்றின் அடிவேர்.

உயர்நிலப் பிரிவும் விஜயன் பிரிவும் பொருந்தும் எல்லையை ஒட்டியே நம் நாட்டின் வெந்நீரூற்றுகள் பல அமைந்துள்ளன. பாலையூற்றிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகள் அவற்றுள் யாவரும் அறிந்தவை. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது வழிவழி வந்த ஐதிகம். இன்றும் நம் மக்கள் அங்கே நீத்தார் கடன் ஆற்றுகின்றனர். எரிமலையே இல்லாத நாட்டில் நீர் எவ்வாறு கொதிக்கும்? மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, புவியின் இயல்பான வெப்பத்தால் சூடேறி, வேறு பிளவுகளின் வழியே மேலே வருகின்றது என்பர். அப்பிளவுகளைக் காண்பதற்கும் மின்காந்த அளவையே துணையாகின்றது. இலங்கையின் வெந்நீரூற்றுகள் சிலவற்றில் அவ்வாறு நடத்திய முன்னோடி அளவையின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அம்பாறை மாவட்டத்துக் கப்புறெல்ல ஊற்றைப் பற்றிய விரிவான ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்கே மின்தடை குறைந்த பகுதி ஊற்றின் அருகிலிருந்து ஆழத்தை நோக்கிச் செல்வது தெரிந்தது.

தீவாகையால் நமக்கு மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. கடல்நீர், பாறையைவிடப் பல்லாயிரம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். கரையோரத்தில் வைத்த கருவி நிலத்தின் குரலோடு கடலின் குரலையும் சேர்த்தே கேட்கும். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று இறங்குவதை மாலுமிகள் அறிவர்; இத்தகைய இடத்தில் இரண்டு குரல்களையும் பிரித்தறிதல் எளிதன்று. 1970களின் இறுதியில், தென்னிந்தியக் காந்த நிலையங்களின் பதிவுகளில் கண்ட விந்தையான அசைவுகளை ஆராய்ந்தோர், பாக்கு நீரிணைக்கு அடியில் மின்னோட்டத்தை ஒருமுகப்படுத்தும் கடத்தி ஒன்று இருக்கலாம் எனக் கூறினர். இரு நாடுகளையும் பிரிக்கும் நீர்ப்பரப்பின் அடியில் இருப்பதை அறிய இரு கரைகளிலும் அளக்க வேண்டும் என்பதை இயற்கையே உணர்த்துகின்றது.

இறுதியாக ஒன்று கூற விரும்புகிறேன். பம்பாய் நகரில் மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் திட்டமிட்டபோது, அவற்றின் மின்னோட்டம் கொலாபா நிலையத்துக் காந்தக் கருவிகளைக் குழப்பிவிடும் என்பது தெளிவாயிற்று. அந்நிலையத்தின் தலைவராக இருந்த நானாபாய் மூஸ், கடலுக்கு அப்பாலிருந்த அலிபாக் என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டளவில் புதிய நிலையத்தை அமைத்து, ஈரிடத்திலும் சில காலம் ஒரே வேளையில் அளந்து, பழைய பதிவின் தொடர்ச்சி அறுந்துபோகாமற் காத்தார். டிராம் வண்டியைத் தடுக்கவும் இல்லை. அளவையைக் கைவிடவும் இல்லை. இன்று நம் நாட்டில் மின்கம்பி எட்டாத ஊர் அரிது. அது நாம் விரும்பிப் பெற்ற நன்மையே. ஆயினும் ஒவ்வொரு மின்கம்பியும் நிலத்தின் மெல்லிய குரலை மேலும் சிறிது மறைக்கின்றது. அமைதியான இடங்கள் எஞ்சியிருக்கும்போதே அளந்து, எண்களைப் பேணி வைத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.

கலியானாவில் மிஞ்சிய ஐந்து விகலையை வேண்டாத பிழையெனத் துடைத்தெறிந்திருந்தால், மலைக்கு வேருண்டு என்பதை மனிதன் அறிய இன்னும் எத்தனை காலம் சென்றிருக்குமோ! பொதிகைமேல் நின்று ஊசியைப் பார்த்து எண் குறித்தவர்களுக்கு அவ்வெண்ணின் பயன் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் சரியாகக் குறித்தார்கள். கணக்கு ஒத்துவராதபோது அதனை மறைக்காமல் எழுதி வைப்பதும், பயன் தெரியாதபோதும் பிழையின்றி அளப்பதும் ஆகிய இவ்விரண்டு பழக்கங்களையும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கைக்கொள்வார்களாயின், கன்னியாவின் வெந்நீர் எவ்வாழத்திலிருந்து வருகின்றது என்னும் கேள்விக்கு இம்மண்ணில் பிறந்த ஒருவரே விடைகூறும் நாள் வெகு தொலைவில் இல்லை.